ஒரு டிரஸ்ட் பத்திரமும் 181 ரெனுவாரும்

நேத்து ராத்திரி 'தி ஆர்ட் ஆஃப் தி ஸ்டீல்' டாக்குமென்டரி பாத்தேன், 2009ல வந்த படம், முடிச்சதும் தூக்கமே வரல.

பிலடெல்பியால ஆல்பர்ட் பார்ன்ஸ்னு ஒரு டாக்டர், ஆர்ஜிரால்ங்கற கிருமிநாசினிய வித்து பெரும் பணக்காரர் ஆனவர், அந்தக் காச ஓவியத்துல போட்டார். பிரெஞ்சு ஓவியர்கள்ல ரெனுவார் வரைஞ்சது மட்டும் 181, செசான் 69, மத்தீஸ் 59. 1923ல அதுல கொஞ்சத்த ஊர்ல காட்சிக்கு வச்சப்ப விமர்சகர்கள் கேவலமா எழுதினாங்க, அந்தக் கோவம் அவருக்கு கடைசி வரைக்கும் ஆறல. ஊருக்கு வெளிய மெரியன்ல கட்டடம் கட்டி, இது மியூசியம் இல்ல பள்ளிக்கூடம்னுட்டார். செசானுக்குப் பக்கத்துல பழைய இரும்புக் கீல், பூட்டு, கீழ மரப்பெட்டி, இப்படி ஒவ்வொரு செவுரையும் அவரே யோசிச்சு அடுக்கினது. மாட்டின எடத்துலயே இருக்கணும், விக்கக்கூடாது, வெளிய இரவல் குடுக்கக்கூடாதுன்னு டிரஸ்ட் பத்திரத்துல எழுதியும் வச்சார். 1951ல கார் விபத்துல எறந்துட்டார்.

எனக்கு ரொம்ப வலிச்சது லிங்கன் யுனிவர்சிட்டி விஷயம்தான். கறுப்பின மாணவர்களுக்காக தொடங்கின சின்ன கல்லூரி அது, இந்த டிரஸ்ட நடத்தற அஞ்சு டிரஸ்டில நாலு பேர நியமிக்கற உரிமைய பார்ன்ஸ் அவங்களுக்குத்தான் குடுத்தார், அந்தக் காலத்துல எவ்ளோ பெரிய விஷயம்! அப்புறம் 90கள்ல கேஸ் மேல கேஸ், கைல பணம் இல்ல, பெரிய ஃபவுண்டேஷன்கள் மூணு வந்து 15 கோடி டாலர் திரட்டித் தரோம், ஓவியங்கள பிலடெல்பியா நகரத்துக்குள்ள கொண்டு வாங்கன்னாங்க, கூடவே டிரஸ்டி எண்ணிக்கை 15 ஆச்சு, அதுல லிங்கனுக்கு அஞ்சு. அவ்ளோதான், பிடி போச்சு. 2004ல கோர்ட்டும் சரின்னுடுச்சு, 2012ல புது கட்டடம் தெறந்தாச்சு.

படம் ஒரு பக்கம் சாஞ்சுதான் பேசுது, எடம் மாத்தணும்னு நின்ன முக்கியமானவங்க பல பேர் பேட்டியே குடுக்கல. மெரியன்ல கொஞ்ச பேர்தான் பாக்க முடிஞ்சது, இப்ப நெறைய பேர் பாக்கறாங்க, பழைய அறைங்க மாதிரியே கட்டி அதே வரிசைல மாட்டியிருக்காங்க, அதெல்லாம் நெஜம்தான். ஆனாலும் பணம் இல்லன்னா பணத்துக்குத்தான வழி பாக்கணும், செத்தவர் எழுதினத ஏன் மாத்தணும்? எனக்கு இது தப்பாத்தான் படுது.

மெரியன்ல ஜன்னலுக்கு மேல இருந்த மூணு வளைவுக்காக மத்தீஸ் ஒரு பெரிய நடன ஓவியம் வரைஞ்சார். பாதில அளவு தப்புன்னு தெரிஞ்சப்ப வெட்டி ஒட்டி சமாளிக்கல, அந்த செவுத்துக்கு சரியா பொருந்தணும்னு முதல்லேர்ந்து திரும்ப வரைஞ்சார். அந்த ஓவியமும் இப்ப அந்த செவுத்துல இல்ல.