மீதிச் சில்லறை

மொரிஷியஸில் மெய்நிகர் சொத்துகளுக்கான சட்டம் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எபேனில் நான் பணிபுரியும் தணிக்கை அலுவலகத்துக்கு பிட்காயின் வைத்திருப்போரின் கணக்குகளும் வரத் தொடங்கின. வங்கி அறிக்கைகளைப் பார்த்தே பழகிய எனக்கு, பரிவர்த்தனை என்றால் இன்னார் கணக்கிலிருந்து இன்னார் கணக்குக்கு இவ்வளவு என்பதுதான்.

ஒரு வாடிக்கையாளர் 0.1 பிட்காயின் செலுத்தியதாகக் கூறியிருந்தார். பரிவர்த்தனையிலோ இரண்டு வெளியீடுகள், அதாவது தொகை போய்ச் சேரும் இடத்தைக் காட்டும் இரண்டு பதிவுகள், இருந்தன: ஒன்று 0.1, மற்றொன்று 0.3999. இரண்டும் வெவ்வேறு முகவரிகளுக்குப் போயிருந்ததால் இரண்டையும் செலவாகப் பதிந்து, "மறைத்த தொகை" என்று சிவப்பு மையில் குறித்தும் வைத்தேன். அடுத்த மேசையிலிருந்த இளைஞர் அதைப் பார்த்துவிட்டு, தமிழிலும் தொகை அச்சிட்ட நம் 500 ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "அண்ணா, இதிலிருந்து 100 ரூபாயை மட்டும் கிழித்துத் தர முடியுமா?" என்று கேட்டார்.

பிட்காயினில் கணக்கு இருப்பு என்று எதுவும் எழுதப்படுவதில்லை; முந்தைய பரிவர்த்தனைகளில் பெற்று இன்னும் செலவழிக்காத வெளியீடுகள்தாம் கையிருப்பு. தொகை எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஒவ்வோர் உள்ளீடும் முந்தைய பரிவர்த்தனையின் 32 பைட் அடையாள எண்ணையும், அதன் எத்தனையாவது வெளியீடு என்பதையும் (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்) சுட்டி, அதைத் திறக்கும் கையொப்பத்தைத் தாங்கி வருகிறது. சுட்டிய வெளியீட்டை முழுவதுமாகச் செலவழித்தே ஆக வேண்டும் என்பதால், மீதி உரியவரிடமே திரும்புகிறது. பெரும்பாலும் பணப்பை மென்பொருள் அப்போது உருவாக்கும் புதிய முகவரிக்கு.

உள்ளீட்டில் தொகையே இல்லை என்பதுதான் என்னை மிகவும் திகைக்க வைத்தது. வாடிக்கையாளரின் உள்ளீடு சுட்டிய வெளியீடு 0.5 பிட்காயின் என்பதை அறிய முந்தைய பரிவர்த்தனையைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வெளியீட்டில் தொகை உண்டு, ஆனால் பிட்காயினின் மிகச் சிறிய அலகான சடோஷியில், பதினறும எண்ணாக, பைட்டுகள் பின்னிருந்து முன்னாக: 0.1 பிட்காயின், அதாவது 10,000,000 சடோஷி, 80 96 98 00 00 00 00 00 என்று கிடந்தது. கட்டணத்துக்கும் தனி வரி கிடையாது. 0.5-இலிருந்து இரு வெளியீடுகளையும் கழித்தால் எஞ்சும் 0.0001-ஐ, இந்தப் பரிவர்த்தனையைப் பிறவற்றோடு சேர்த்து ஒரு தொகுதியாகப் பதிந்த சுரங்கர் (miner) எடுத்துக்கொள்கிறார். மீதி வெளியீட்டைச் சேர்க்க மறந்தால் 0.4 முழுவதும் கட்டணமாகவே போய்விடும்.

எந்த வெளியீடு மீதி என்பதும் பரிவர்த்தனையில் குறிக்கப்படுவதில்லை. 0.1 போன்ற நேர்த்தொகை செலுத்தியது, 0.3999 போன்ற உதிரித்தொகை மீதி என்று ஊகிப்போர் உண்டு. தணிக்கைக்கு அது போதாது. வாடிக்கையாளரிடம் அவருடைய பணப்பையின் முகவரிப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். 0.3999 சென்ற முகவரி அதில் இருந்தது. சிவப்புக் குறிப்பை அடித்துவிட்டு, அதே முறையில் ஏற்கெனவே பதிந்திருந்த மற்றக் கணக்குகளையும் அன்று மாலையே திரும்ப எடுத்தேன்.