ஆய்வுப் படிவத்தில் இல்லாத தேதிகள்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நிதியில் நடக்கும் உதவி மையம் ஒன்றில், கடலூர் பக்கம், வழக்குப் பணியாளராக வேலை பார்த்தேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். இந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தீர்கள்? கட்டங்கள் நிரம்பியிருந்தால் கையெழுத்து விழும். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். கையில் கொடுத்தனுப்பிய படிவம் அப்படி. ஆனால் எது எப்போது நடந்தது என்று எழுத அதில் இடமே இல்லை. அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாகவேண்டும். கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். தடயங்கள் ஒரு குளியலில் போய்விடும். திட்டக்குடி, வேப்பூர் போன்ற மேற்குப் பகுதிகளிலிருந்து கடலூருக்கு வர விருத்தாசலத்தில் பஸ் மாறி அரை நாள் ஆகிவிடும். அப்படி வந்த ஓர் அம்மாவும் மகளும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏறி இறங்கியிருந்தார்கள். “போலீஸ் கேஸ், நாங்கள் தொடமாட்டோம்” என்று அனுப்பிவிட்டார்களாம். அரசு, தனியார் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மருத்துவமனைகளும் உடனடியாக இலவசச் சிகிச்சை தரவேண்டும் என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தத் தண்டனை தொடர்கிறது. அந்த மருத்துவமனையில் யாருக்கும் அது தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருந்தார்கள். எங்கள் பதிவேட்டில் அந்தப் பெண் ‘மருத்துவ உதவி வழங்கப்பட்டது’ என்ற ஒற்றை எண்ணாக ஏறினாள். திருப்பி அனுப்பப்பட்டதை எழுத ஒரு வரிகூட இல்லை.

எல்லைத் தகராறு இன்னொரு தொல்லை. ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி. வீடு இங்கே, சம்பவம் பாகூர் பக்கம் என்றால், “அங்கே போய்ப் புகார் கொடுங்கள்” என்பது எளிதாக வாயில் வந்துவிடும். எந்தக் காவல் நிலையமானாலும் புகாரைப் பதிந்துகொண்டு, உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்பவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அலைய வைக்கப்பட்ட நேரத்துக்கு மட்டும் எங்கும் கணக்கில்லை.

பிறகு பணம். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் பாலியல் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு என்கிறது. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம்; உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு கொடுத்துவிட வேண்டும். சாப்பாடு, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தொகை தரவேண்டும். எழுத்தில் எவ்வளவு நல்ல விதிகள்! சாட்சி சொல்ல வரும் நாளில் அம்மாவின் கூலி போகிறது. கைக்காசு இல்லாமல் வாய்தாவுக்கு வராமல் போனவர்களை எனக்குத் தெரியும். திட்டக்குடியில் பள்ளி மாணவிகள் இருவர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதாக 2014இல் வெளிவந்த வழக்கில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது 2019 ஜனவரியில். அவ்வளவு காலம் ஒரு குடும்பம் நீதிமன்றப் படியேறி நிற்கவேண்டும் என்றால், இடைக்காலத் தொகை அதன் முதுகெலும்பு.

ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி வழக்கமான படிவத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டார். ஒவ்வொரு வழக்குக்கும் நான்கு தேதிகள்: உதவி கேட்ட நாள், மருத்துவர் பார்த்த நாள், முதல் தகவல் அறிக்கை பதிவான நாள், பணம் வந்த நாள். பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும் என்றார். மருத்துவ அறிக்கையில் இருவிரல் பரிசோதனை (பெண்ணுக்கு முன்பே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்ப்பது) பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கவும் சொன்னார். அதைச் செய்வது தவறான நடத்தை என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் அறையே மாறிவிட்டது. முதல் மூன்று தேதிகளுக்கு இடையில் இருந்த இடைவெளிகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்லவேண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்குத் தொகை நிலுவையில் கிடந்ததற்குக் காரணம் சிறுமியின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்காததுதான் என்று அன்றுதான் தெரிந்தது. அதே வாரத்தில் கணக்கு தொடங்கப்பட்டது.

நான்காவது தேதியில்தான் இன்னும் சிக்கல். உத்தரவு பிறந்த நாளையே பணம் வந்த நாளாக எழுதிவிடுகிறார்கள். பாஸ்புக்கைப் பார்க்காமல் அதைச் சரிபார்க்க முடியாது. தாமதித்த அலுவலகத்தைச் சேராத ஒருவர், சீருடை இல்லாமல், அந்தப் பெண் சொல்லும் இடத்துக்கே போய், “வந்ததா அம்மா?” என்று கேட்கவேண்டும். அதற்கான ஆளும் பயணப்படியும் அரசின் ஆய்வு ஏற்பாட்டிலேயே ஒதுக்கப்படவேண்டும்.