தடைக்காலத்தில் ஒற்றை வரி எழுதிப் பார்த்தது

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் ஓடாது, கணக்கும் ஓடாது. அதனால் நாளுக்கு ஒரு பொன்மொழி எழுதிப் பார்ப்போம் என்று ஒரு நோட்டை எடுத்தேன். ஏழு சீருக்குள் அடங்கவேண்டும். குறளுக்கே அதுதானே அளவு!

முதல் வாரம் எழுதியதெல்லாம் காலண்டர் தாள் வாசகம். ‘பொறுமை உள்ளவனுக்கே மீன்’ என்ற வரியில் எனக்கே பெருமை. வலை பொத்திக்கொண்டிருந்த மாமாவிடம் காட்டினேன். “சாளைக் கூட்டம் தெரியும்போது பொறுமையா இருந்தா கடலைத்தான் பாக்கணும்” என்றார். சரிதான். ‘அவசரக்காரனுக்கே மீன்’ என்று திருப்பினாலும் அதே அழகோடு நிற்கிறது. அன்றிலிருந்து எழுதியதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டும் ஒன்றுபோல் இனித்தால் அடித்துவிடுவேன். 11 வரிகள் அப்படிப் போயின.

23-ஆம் நாள் மாமா பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது: ‘நாம் காசு கொடுத்து வாங்குவது நூலைத்தான், ஆனால் மீன் மாட்டுவது நூலுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில்தான், ஏனென்றால் கண் இல்லாவிட்டால் அது வலையே இல்லை.’ முதலில் ‘ஏனென்றால்’ போனது. காரணத்தை நாமே சொல்லிவிட்டால் படிப்பவருக்கு வேலையில்லை. ‘நூலுக்குக் காசு, கண்ணுக்கு மீன்’ வரை சுருக்கினேன். ஓசை நன்றாக வந்தது. தங்கச்சியோ கண் பார்வைக்கு மீன் நல்லது என்று புரிந்துகொண்டாள். கடைசியில் நின்றது: ‘காசு நூலுக்கு, மீன் சிக்குவது ஓட்டையில்.’

“வலை கட்டுறவுககிட்ட சொல்லிராத, சண்டைக்கு வருவாக” என்று மாமா சிரித்தார். பழமொழி என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், அது ஊர் சொத்து. இது நான் சொன்னது, பதிலும் நான்தான் சொல்லவேண்டும்.

சூத்திரத்துக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம், சில எழுத்தில் பல பொருளைக் கண்ணாடியில் தெரிவதுபோலச் செறித்துக் காட்டுவது. அது இலக்கண விதிக்குச் சொன்னது என்றாலும் எனக்கும் உதவியது. சுருக்குவதோடு வேலை முடியவில்லை, உருவம் முழுசாகத் தெரியவேண்டும்.

இன்று 40-ஆம் நாள். தேறியவை ஆறு. வடக்கே அலை அடங்கியது பெண்கடல், தெற்கே அலை மிகுந்தது ஆண்கடல் என்று இங்கே சொல்வதை வைத்து நாலு நாளாக முட்டுகிறேன். எழுதுவதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம்போல விளக்கமாகவே வருகிறது. அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.