வளைவில் நின்ற பொன்: கோட்சுசுமி வேலை, இதுவரை

ஒருவழியாகக் கோட்சுசுமி முழவின் முதல் கிண்ணம் முடிந்தது. கரி தேய்த்து, மான்கொம்புச் சாம்பலில் எண்ணெய் தொட்டு விரலால் மெருகேற்றிப் பார்த்தேன். கோடு எங்கும் அறுபடவில்லை, அடிச்சிவப்பு எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டி மூடி, தட்டு என்று தட்டையான பரப்பில் மட்டும் மாகி-எ (ஈரமான அரக்குக் கோட்டின் மேல் பொன்பொடி தூவும் ஜப்பானிய அலங்காரம்) செய்பவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. உருண்டையான மரத்தில் ஒரு முறை பொன்பொடி தூவிப் பாருங்கள், தெரியும்.

எடுத்துக்கொண்டது கோட்சுசுமி. ஜப்பானின் நோ, கபுகி நாடக மேடைகளில் வலத் தோளில் வைத்து வாசிக்கும் சிறு முழவு. நம் உடுக்கையைப் போலவே இடை சிறுத்தது. கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியை மாற்றுவார்கள். உடல் செர்ரி மரம், நீளம் சுமார் 25 செ.மீ. இரு முனையிலும் கிண்ணம், நடுவே குழல். கானாசாவாவில் பழைய பொருள் கடையொன்றில் கிடைத்தது; கறுப்புப் பூச்சு மட்டும் இருந்தது, அலங்காரம் எதுவும் இல்லை. இதை வாசிக்கப்போகும் நண்பர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கிண்ணத்தின் உட்புறத்திலும், தோல் வந்து அமரும் விளிம்பிலும் கை வைக்கக் கூடாது. உள்ளே உளியால் செதுக்கிய வரிகளை வாசிப்பவர்கள் ஒலியின் உயிராகவே நினைக்கிறார்கள். அதனால் இரண்டு வாயையும் தக்கையால் அடைத்துவிட்டுத்தான் தூரிகையை எடுத்தேன்.

வடிவம், இலையுதிர்காலப் புற்கள். நீண்ட இதழ்கள் வளைவோடு சேர்ந்து ஓடும் என்பதே காரணம். காகிதத்திலிருந்து வடிவத்தை மாற்றும் கட்டத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிண்ண வளைவில் காகிதம் மடிப்பு விழாமல் படியாது என்பதால் இதழ்களுக்கு இடையில் கத்தரியால் நெடுக வெட்டி விட்டேன், அவ்வளவுதான்.

தொல்லை முழுவதும் தூவுவதில்தான். தட்டையான பரப்பில் தூவுகுழலைச் சாய்த்து ஆள்காட்டி விரலால் தட்டினால், பொடி நேராக இறங்கி ஈரக் கோட்டில் அமர்ந்துகொள்கிறது. உருண்டையிலோ உச்சியில் இருக்கும் கோட்டுக்கு மட்டும்தான் அந்தப் பாக்கியம். பக்கவாட்டில் பொடி சறுக்கி ஓடுகிறது. கோட்டின் மேல் ஓரம் தடிக்கும், கீழ் ஓரம் மெலியும். தூவிய உடனே பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான், வித்தியாசம் தெரியாது. பிற்பாடு கரி தேய்க்கும்போது மெலிந்த ஓரம் முதலில் கரைந்து, அடியில் இழுத்த செங்காவி உருஷி (மரப்பாலால் ஆன அரக்கு) பல்லைக் காட்டும்.

குழலின் பட்டுத்துணியை மாற்றுவது, தட்டும் வேகத்தை மாற்றுவது என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் விஷயம் குழலில் இல்லை, மரத்தைத் திருப்புவதில் இருக்கிறது. உடலின் நடுத்துளை வழியே ஒரு மரக்கோலைச் செருகி, இரு பக்கமும் பள்ளம் வெட்டிய தாங்கிகளில் கிடத்திவிட்டேன். கோலைத் திருப்பினால் உடல் திரும்பும். உச்சியில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் கோடு இழுக்க வேண்டும். இழுத்த கையோடு தூவ வேண்டும். இடது கை கோலை ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் அசைத்துக்கொண்டே இருக்க, வலது கை தட்டுகிறது. ஒவ்வொரு இதழும் சில நொடிகளாவது உச்சிக்கு வந்துபோகிறது. பிறகு மென்மயிர்த் தூரிகையால் மிச்சப் பொடியைக் கோட்டின் மேல் தள்ளி நடத்திவிட்டு, ஈரப்பெட்டிக்குள்; உருஷி இறுகுவது ஈரக் காற்றில்தான். அடுத்த பட்டை மறுநாள்தான். இரண்டு பட்டைகள் சேரும் இடம் வெட்டவெளியில் அமைந்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்; அதனால் ஒவ்வொரு பட்டையையும் ஓர் இதழின் விளிம்பில் கொண்டுபோய் முடித்தேன்.

இதில் கானாசாவாவின் மழைக்காலம் வேறு. நான் தூவுவது 5-ஆம் எண் உருண்டைப் பொடி. கோடு நல்ல ஈரமாக இருக்கும்போதே விழுந்தாக வேண்டும். ஜூன் பிற்பகுதியில் அறையே ஈரப்பெட்டியாகிவிடுகிறது. கடைசி இதழை இழுத்து முடிப்பதற்குள் முதல் இதழ் இறுகத் தொடங்குகிறது. தடித்த இடம் சுருக்கம் விழுந்து கறுத்தும் போகும். பெட்டியில் ஈரத்துணி போடுவதை நிறுத்திவிட்டேன்.

பயிற்சிக்குப் பித்தளைப் பொடி வாங்குங்கள் என்று எல்லாரும் சொல்வதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பொன்னின் அடர்த்தி 19.3, பித்தளையுடையது 8.5 அளவில். அதே பருமனுள்ள மணியாக இருந்தாலும் பித்தளை மிதந்து இறங்குகிறது, பொன் சொத்தென்று விழுகிறது. விழுந்த வேகத்தில் தடித்த கோட்டுக்குள் மூழ்கியும் போகிறது. பித்தளையில் பழகிய கை பொன்னுக்கு மாறும்போது கோட்டை இன்னும் மெல்லியதாக இழுக்க வேண்டியிருக்கிறது. இதை எந்த விற்பனையாளரும் பொட்டலத்தின் மேல் எழுதுவதில்லை. அதற்காகப் பொன்னிலேயே பழகுங்கள் என்றும் என்னால் சொல்ல முடியாது. ஜப்பானில் பொன் விலை 2023 ஆகஸ்டில் முதன்முறையாகக் கிராமுக்கு 10,000 யென்னைத் தாண்டியது. அதன் பிறகும் ஏறுமுகம்தான். இப்போது மேசை முழுவதும் வழவழப்பான காகிதம் விரித்து, சிந்திய பொடியை மடித்து எடுத்து வைக்கிறேன். தும்மல் வந்தால் அறையை விட்டே ஓடுகிறேன்.

உருஷி விஷயத்தில் அவ்வளவு பிடிவாதம் கிடையாது. இவாத்தே மாவட்டத்து ஜோபோஜி உருஷி அருமையானதுதான். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம், ஒரு பருவம் முழுக்கக் கீறினாலும் கொடுப்பது 200 கிராம் அளவில்தான். அத்தோடு அதை வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பாலை மேல்பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். அடிக்கோட்டுக்குச் சீன உருஷியே தாராளம். எந்த ஊர்ப் பாலானாலும் மணிக்கட்டு அரிப்பு மட்டும் ஒன்றுதான். சேங்கொட்டையில் கை வைத்தவர்களுக்கு அந்த அரிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இரண்டும் ஒரே குடும்பம்.

பொடி இறுகியபின் கற்பூரத் தைலத்தில் நெகிழ்த்திய உருஷியைத் தடவித் துடைத்து, காயவைத்து, மறுபடி தடவினேன். அடுத்தது கரி. கடைக்காரர் தருவது சீராக அறுத்த கட்டி. புடைத்த கிண்ணத்தின் மேல் அது ஒரே ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளியில் பொன் பறிபோகும். ஆகவே கரியின் முகத்தையே குழிவாக்க வேண்டும். விரிசல் விட்டதால் மலிவாகக் கிடைத்த இன்னொரு கோட்சுசுமி உடலின் மேல் நீர்த்தாளை (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றி, அதன்மேல் கரியைத் தேய்த்தேன். கிண்ணத்தின் வளைவு அப்படியே கரியில் இறங்கியது. பிறகு நீரைத் தொட்டுத் தொட்டு, சிறு வட்டமாக. உருண்டை மணிகளின் மேல்பாதி தேய்ந்து வெட்டுமுகம் வெளிவரும்போது மங்கிய மஞ்சள் சட்டென்று உலோகமாக மாறும். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும்.

இடைக்குழல் வேறு கதை. கிண்ணம் சரிந்து குழலோடு சேரும் கழுத்தில் பரப்பு ஒரு திசையில் குழிந்தும் மறு திசையில் புடைத்தும் இருக்கிறது. அதற்குக் கரி செதுக்கிச் செதுக்கி எனக்கு வெறுத்துவிட்டது. முகம் பொருந்தும் அளவுக்குச் சிறிதாக்கினால் விரலில் நிற்கவில்லை, நிற்கும் அளவுக்கு விட்டால் விளிம்பு கீறுகிறது.

வழி கியோத்தோவில் இருப்பதாகத் தோன்றுகிறது. 1606-இல் ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் நினைவாக அவர் மனைவி நிறுவிய கோதாய்ஜி கோயிலில், நினைவு மாடத்துப் பீடம் நிறைய இசைக்கருவிகளை இறைத்தது போல் மாகி-எ செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கைவேலையில் பல இடங்களில் பொடியைத் தூவியதோடு சரி, மேலே தேய்த்து மெருகேற்றுவதில்லை. இலை நரம்புகளை ஈரம் காய்வதற்குள் ஊசியால் கீறி எடுத்துவிடுவார்கள். கழுத்துக்கும் குழலுக்கும் அதையே செய்யப்போகிறேன். மெருகேற்றிய கிண்ணமும் மெருகேற்றாத இடையும் ஒரே உடலில் பொருந்தாது என்று நண்பர் முகம் சுளிக்கிறார். மேடையில் ஏறினால் இடையைச் சுற்றிக் கயிறுதான் தெரியும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது கிண்ணத்தின் முதல் பட்டை இப்போது பெட்டியில் இருக்கிறது. மழை விடும்வரை அதற்கு மேல் பட்டை போடுவதாக இல்லை. அதற்குள் விரிசல் உடலில் ஊசிக் கீறலைப் பழகிக்கொள்ள வேண்டும், பித்தளைப் பொடியில்தான்.