வெண்டை இலை வழுக்கும், முந்திரி இலை கறுக்கும்: இலையிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பற்றி

மரபணுத்தொகை ஆய்வு என்றதும் பேச்செல்லாம் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் கருவியைப் பற்றியும் கணினியைப் பற்றியுமே போகிறது. தாவர ஆய்வில் வேலை கெடுவது பெரும்பாலும் அதற்கு வெகு முன்னாலேயே, இலையைப் பறித்து அரைத்து ட்யூபில் போடும் நேரத்தில். அங்கே கெட்டதைப் பின்னால் வரும் எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. சீனியர் கொடுத்த செய்முறை (புரோட்டோகால்) தாளை வரி பிசகாமல் பின்பற்றிவிட்டு, "நெல்லில் வந்தது, மாவில் வரவில்லையே" என்று மாணவர்கள் கையைப் பிசைகிறார்கள். அந்தத் தாளில் அளவு இருக்கும், காரணம் இருக்காது. காரணம் தெரிந்தால்தான் எந்த இலைக்கு எதை மாற்றுவது என்று தெரியும்.

விலங்கு மாதிரிகளில் இந்தத் தொல்லை குறைவு. பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் 5 முதல் 10 மைக்ரோலிட்டர் ரத்தமே தாராளம். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, வெள்ளையணுக்களை நம்பித்தான் வேலை. அப்போதும் 200 மைக்ரோலிட்டரில் காரியம் முடிந்துவிடும். ரத்தத்தை ஹெப்பாரின் ட்யூபில் வாங்காமல் இடிடிஏ ட்யூபில் வாங்குங்கள். இரண்டும் ரத்தம் உறையாமல் தடுப்பவைதான், ஆனால் ஹெப்பாரின் டிஎன்ஏவோடு கூடவே வந்து, டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரை முடக்கும்.

இலை வேறு கதை. முதலில் செல்சுவரை உடைக்க வேண்டும். உடைந்த அந்தக் கணமே, செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பாலிஃபீனால்களும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் ஒன்றுசேர்கின்றன. பாலிஃபீனால்கள் குயினோன்களாக மாறி டிஎன்ஏவோடு வேதிப்பிணைப்பாகவே ஒட்டிக்கொள்கின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வினையால்தான். முந்திரி, மா, நெல்லி, தேயிலை இலைகளில் இதுதான் முதல் எதிரி. வெண்டை, செம்பருத்தி, கொடிப்பசலையில் எதிரி வேறு: வழவழப்பைத் தரும் பாலிசாக்கரைடுகள். டிஎன்ஏவைப் போலவே இவையும் ஆல்கஹாலில் வீழ்படிவாகும், அதனால் கடைசிவரை கூடவே வரும்.

இவற்றைச் சமாளிக்க 1980-ல் மரேயும் தாம்சனும் வெளியிட்டு, 1987-ல் டாய்லும் டாய்லும் எளிமைப்படுத்திய சிடிஏபி (சோப்பு வகை வேதிப்பொருள்) முறைதான் இன்றும் தாவர ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. இலைப்பொடியைப் போடும் கரைசலான பஃபர் 100 மில்லிக்கு சிடிஏபி 2 கிராம், சோடியம் குளோரைடு 8.18 கிராம், 1 மோலார் டிரிஸ் (பிஎச் 8.0) 10 மில்லி, 0.5 மோலார் இடிடிஏ (பிஎச் 8.0) 4 மில்லி, பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி-40 ஒன்றிலிருந்து இரண்டு கிராம், மீதிக்குத் தண்ணீர். குலுக்கினால் சோப்பு நுரை பொங்கும், 60 டிகிரியில் மெதுவாகக் கலக்கிக் கரையுங்கள். பாலிஃபீனால் குயினோனாக மாறாமல் தடுக்கும் பீட்டா மெர்காப்டோ எத்தனாலைப் பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள், சில நாளில் வீரியம் போய்விடும். எடுக்கும் 10 மில்லிக்கு 20 மைக்ரோலிட்டர் என்று அன்றன்று, ஃபியூம் ஹுட்டுக்குள் சேருங்கள். கறுக்கும் இலைக்கு இதை 100 மைக்ரோலிட்டர் வரை கூட்டலாம்.

உலோக அயனிகளைப் பிடித்துவைத்து, டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதிகளை முடக்கும் இடிடிஏ பற்றி ஒரு வார்த்தை. 100 மில்லி 0.5 மோலாருக்கு டைசோடியம் இடிடிஏ 18.6 கிராம். தண்ணீரில் போட்டதும் பால் மாதிரி நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு பிஎச் 8-ஐ நெருங்கும்போதுதான் தெளியும். பொடி கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள்.

இந்தப் பஃபரில் எல்லோரும் கவனிக்காமல் விடும் எண் உப்பின் 1.4 மோலார் (மேலே சொன்ன 8.18 கிராம்). உப்பு 0.7 மோலாருக்கு மேல் இருக்கும்வரை சிடிஏபி, புரதங்களோடும் பல பாலிசாக்கரைடுகளோடும் சேர்ந்துகொள்ளும், டிஎன்ஏ கரைசலிலேயே நிற்கும். அதற்குக் கீழே போனால் சிடிஏபி டிஎன்ஏவையும் பிடித்துக்கொண்டு வீழ்படிவாகிவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். 700 மைக்ரோலிட்டர் பஃபரில் 100 மில்லிகிராம் இலை போட்டால் இலையின் ஈரம் சேர்ந்தும் உப்பு 1.2 மோலாருக்கு மேலேயே இருக்கும். "நிறைய டிஎன்ஏ வரட்டும்" என்று 500 மில்லிகிராம் திணித்தால், இலையில் இருக்கும் சுமார் 400 மைக்ரோலிட்டர் தண்ணீர் உப்பை 0.9-க்கு இறக்கிவிடும். பிவிபியும் மெர்காப்டோ எத்தனாலும் அத்தனை பாலிஃபீனாலுக்குப் போதாமல் போகும். இலை கூடினால் டிஎன்ஏ குறைவது இதனால்தான். வழுக்கும் இலைகளுக்கு உப்பையே 2 மோலாராக, அதாவது 100 மில்லிக்கு 11.7 கிராமாகக் கூட்டிவிடுவது நல்லது.

குளிரும் இதே மாதிரிதான். சுமார் 15 டிகிரிக்குக் கீழே சிடிஏபி வெள்ளையாகத் திரண்டுவிடும். ஏசி அறையில் பாட்டில் வெண்மையாக உறைந்திருந்தால் 65 டிகிரியில் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துங்கள். பஃபர் இருக்கும்வரை செண்ட்ரிஃபியூஜை 4 டிகிரியில் ஓட்டாதீர்கள், அறை வெப்பமே சரி.

பறிக்கும்போது இளம் இலையாகப் பாருங்கள். ஒரே எடைக்கு அதில் செல்கள் அதிகம், பாலிசாக்கரைடு குறைவு. தொட்டிச் செடியாக இருந்தால் 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டுப் பறித்தால் ஸ்டார்ச்சு தீர்ந்திருக்கும். காட்டில் பறிப்பதை சிலிக்கா ஜெல்லில் போடுவதே பாதுகாப்பு: இலை எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா, ஒரு நாளுக்குள் இலை மடக்கினால் ஒடிய வேண்டும். நிறம் மாறிய சிலிக்காவை உடனே மாற்றுங்கள். காய்ந்த இலையில் தண்ணீர் எடை போய்விடுவதால் 20 மில்லிகிராம் போதும்.

ஃப்ரீசரில் வைத்த இலைதான் பலரையும் ஏமாற்றுவது. உறைந்த நிலையில் அதற்கு ஒன்றும் ஆகாது. உருகும்போது செல்கள் உடைந்து, நொதிகள் அத்தனையும் விழித்துக்கொள்ளும். எனவே ஃப்ரீசரிலிருந்து நேராகத் திரவ நைட்ரஜனுக்குப் போக வேண்டும், நடுவில் மேசையில் வைத்துவிட்டு லேபிள் எழுதும் வேலை வேண்டாம். உரலில் அரைக்கும்போது கண் பொடியின் நிறத்தில் இருக்கட்டும். வெளிர்பச்சையாக, முகப்பவுடர் போலப் பறக்கும் பொடிதான் சரியான நிலை. ஓரத்தில் கரும்பச்சையாக ஈரம் கசிந்தால் உருகத் தொடங்கிவிட்டது, உடனே மறுபடி நைட்ரஜன் ஊற்ற வேண்டும். பொடியைக் குளிரவைத்த கரண்டியால் அள்ளி, முன்பே 65 டிகிரியில் சூடேற்றிய பஃபருக்குள் நேராகப் போடுங்கள். நைட்ரஜன் முழுதும் ஆவியாகும் முன் ட்யூபை மூடினால் மூடி தெறிக்கும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். நைட்ரஜன் கிடைக்காத கல்லூரிகளில், சிலிக்காவில் காய்ந்த இலையை 3 மில்லிமீட்டர் எஃகுக் குண்டுகள் போட்டு ட்யூபிலேயே குலுக்கிப் பொடிக்கலாம். பிசிஆருக்கு அது தாராளமாகப் போதும்.

ரொம்பவும் வழுக்கும் இலைக்கு சிடிஏபிக்கு முன் சார்பிட்டால் கழுவல் ஒன்று செய்துவிடுங்கள் என்பது எங்கள் அழுத்தமான பரிந்துரை. 0.35 மோலார் சார்பிட்டால் (100 மில்லிக்கு 6.4 கிராம்), 100 மில்லிமோலார் டிரிஸ், 5 மில்லிமோலார் இடிடிஏ, 1 சதவீதம் பிவிபி-40, பயன்படுத்தும்போது 1 சதவீதம் மெர்காப்டோ எத்தனால். பொடியில் ஒரு மில்லி ஊற்றிக் கலக்கி, 5,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் 5,000 மடங்கு விசையில்) 5 நிமிடம் சுற்றி, மேலே நிற்பதைக் கொட்டிவிடுங்கள். சார்பிட்டால் உட்கருவை உடையாமல் காப்பதால் டிஎன்ஏ கீழேயே தங்கும், வழவழப்பு மேலோடு போகும். கொட்டும் நீர் நூலாக இழுபடாமல் தண்ணீராக விழும்வரை திரும்பச் செய்யலாம்.

பிறகு 65 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கவிழ்த்துக் கலக்கல். ஆறியதும் அதே கொள்ளளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1). பாலிஸ்டைரீன் ட்யூபை குளோரோஃபார்ம் கரைத்துவிடும், பாலிபுரோப்பிலீனாக இருக்க வேண்டும். 5 நிமிடம் கவிழ்த்துக் கலக்கி, 12,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றினால் கீழே பச்சைக் குளோரோஃபார்ம், நடுவே வெள்ளை அல்லது பழுப்பு ஆடை, மேலே தெளிவான நீர் அடுக்கு. டிஎன்ஏ இருப்பது மேலே. அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டு ஆடையைத் தொட்டுவிட்டால் செய்ததெல்லாம் வீண். ஆடை தடிமனாக இருந்தால் இன்னொரு முறை குளோரோஃபார்ம்.

எடுத்த நீருக்கு 0.7 பங்கு ஐசோபுரோப்பனால் சேர்த்து மெதுவாகக் கவிழ்க்கும்போது வருவதைக் கூர்ந்து பாருங்கள். வெள்ளை நூல் திரண்டால் நீளமான டிஎன்ஏ. மங்கலான புகை போலத் தெரிந்தால் அளவு குறைவு அல்லது துண்டு துண்டானது. கண்ணாடி போன்ற கூழாகத் திரண்டால் பாலிசாக்கரைடு. அறை வெப்பத்தில் 10 நிமிடம் போதும். இரவு முழுக்க மைனஸ் 20-ல் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், டிஎன்ஏ சிறிதளவு கூடலாம், ஆனால் உப்பும் கூழும் அதைவிட அதிகமாக இறங்கும். பிறகு சுற்றி, அடியில் படியும் பெல்லட்டை 70 சதவீத எத்தனாலில் இரண்டு முறை கழுவினால் உப்பும் மிச்ச சிடிஏபியும் போய்விடும். பெல்லட்டை எலும்பாகக் காயவிட்டால் கரையாது. எத்தனால் மிச்சமிருந்தால், டிஎன்ஏவை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஏற்றும்போது சாம்பிள் குழியில் இறங்காமல் மேலே மிதந்து போய்விடும். கரைக்க 10 மில்லிமோலார் டிரிஸும் 0.1 மில்லிமோலார் இடிடிஏவும் போதும். இடிடிஏ கூடினால் பிசிஆரின் மெக்னீசியத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதியான ஆர்என்ஏஸ் ஏ சேர்த்து 37 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள்.

பெல்லட் பழுப்பாக இருந்தால் மீட்க முயன்று நேரம் போக்க வேண்டாம். குயினோன் ஏற்கெனவே டிஎன்ஏவோடு பிணைந்துவிட்டது, புது இலையில் தொடங்குவதே சுருக்கமான வழி. கூழாக இருந்தால் மீட்கலாம். கரைத்த டிஎன்ஏவில் பாதிப் பங்கு 5 மோலார் உப்புக் கரைசல், அதன்மேல் இரண்டு பங்கு எத்தனால். உப்பு மிகுந்த எத்தனாலில் டிஎன்ஏ இறங்கும், பாலிசாக்கரைடுகள் பெரும்பாலும் கரைசலில் நின்றுவிடும்.

ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவி காட்டும் 260/280 எண் (அந்த இரண்டு நானோமீட்டர் அலைநீளங்களில் உறிஞ்சலின் விகிதம்) 1.8 வந்துவிட்டது என்று மகிழ்ந்து அங்கேயே நிறுத்துபவர்கள் அதிகம். அது புரதத்தைப் பற்றி மட்டுமே ஓரளவு சொல்லும். பாலிசாக்கரைடும் பாலிஃபீனாலும் தெரிவது 260/230-ல், அது 2.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அளவையும் நானோடிராப்பில் நம்பாதீர்கள், ஆர்என்ஏவையும் அது டிஎன்ஏ என்றே எண்ணும். இரட்டை இழை டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கியூபிட் போன்ற ஒளிர்சாய முறையில் பாருங்கள். இரண்டு எண்ணும் பல மடங்கு விலகினால் ஆர்என்ஏ போகவில்லை என்று பொருள். 0.8 சதவீத ஜெல்லில், பக்கத்திலேயே 48.5 கிலோபேஸ் நீளமுள்ள லாம்டா வைரஸ் டிஎன்ஏவை ஓட்டுங்கள். அதோடு சமமாக நிற்கும் இறுக்கமான பட்டை நல்லது. மேலிருந்து கீழ்வரை தேய்த்தாற்போல் தெரிந்தால் சிதைந்தது. அடியில் மங்கிய ஒளி ஆர்என்ஏ. குழியிலேயே ஒட்டிக்கொண்டு நகராதது பாலிசாக்கரைடில் சிக்கியது.

பிசிஆர் வரவில்லை என்றால், பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை மாற்றும் முன், டிஎன்ஏவை அப்படியே ஒரு ட்யூபிலும் பத்தில் ஒன்றாக நீர்த்து இன்னொன்றிலும் நூறில் ஒன்றாக மற்றொன்றிலும் போடுங்கள். நீர்த்ததில் மட்டும் பட்டை வந்தால் தடைப்பொருள் இருக்கிறது, மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்தாலும் சரியாகும். எதிலும் வராவிட்டால், நிச்சயம் வேலை செய்யும் ஒரு பிசிஆரில் இந்த டிஎன்ஏவை ஒரு மைக்ரோலிட்டர் விட்டுப் பாருங்கள். அதுவும் நின்றுபோனால் கோளாறு டிஎன்ஏவில், நிற்காவிட்டால் பிரைமரில்.

நீண்ட வாசிப்பு சீக்வென்சிங்குக்கு அனுப்புவதாக இருந்தால் வேகமாகச் சுழற்றிக் கலக்கும் வார்டெக்ஸைத் தொடவே கூடாது. அகலவாய் டிப், மெதுவான பைப்பெட், கரைய ஓர் இரவு அவகாசம். எவ்வளவு வாசிப்பு வேண்டும் என்பதை முன்பே கணக்கிடுங்கள். நெல்லின் மரபணுத்தொகை சுமார் 390 மெகாபேஸ் (39 கோடி எழுத்துகள்), 30 மடங்கு வாசிக்க 12 கிகாபேஸ் போதும். கோதுமை 16 கிகாபேஸ், அதே 30 மடங்குக்கு 480 வேண்டும். மிகப் பெரிய மரபணுத்தொகை என்று 2024-ல் சாதனை படைத்த நியூ கலிடோனியாவின் சிறு பெரணி ஒன்றுக்கு மரபணுத்தொகையே 160 கிகாபேஸ். இலையிலிருந்து எடுக்கும்போது வாசிப்பில் கணிசமான பங்கு, தனக்கென டிஎன்ஏ உள்ள பசுங்கணிகத்துக்குப் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதைக் குறைக்க முதலில் உட்கருக்களைப் பிரித்தெடுப்பதுதான் வழி.

வந்த டிஎன்ஏ யாருடையது என்ற கேள்வியும் உண்டு. இலைக்குள் பூஞ்சை வாழும், மேலே மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். இனத்தை அடையாளம் காண உதவும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதிக்கான பொதுப் பிரைமர்கள் செடியை விட்டுவிட்டுப் பூஞ்சையைப் பெருக்கிக் கொடுப்பது அடிக்கடி நடப்பது. 2015-ல் நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கின் மரபணுக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பிற உயிர்களிடமிருந்து வந்தவை என்று வட கரோலினா பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. எடின்பரோ குழு தனியாகச் செய்த சீக்வென்சிங்கில் அவற்றில் பெரும்பாலானவை மாதிரியோடு கலந்துவந்த பாக்டீரியா டிஎன்ஏ என்று தெரிந்தது. எனவே ஒவ்வொரு தொகுதியிலும் இலையே போடாத ஒரு ட்யூபை எல்லாப் படிகளிலும் கூடவே ஓட்டி, கடைசியில் அதற்கும் பிசிஆர் போடுங்கள். இலையை அரைக்கும் முன் 70 சதவீத எத்தனாலில் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பறித்த அதே கிளையிலிருந்து பூவோ காயோ உள்ள ஒரு கொப்பை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியத்தில் (உலர்தாவரச் சேகரிப்பில்) சேர்த்து, அதன் எண்ணையே ட்யூபிலும் எழுதுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும், அதனால் மூடியில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு இடத்தில், ஆல்கஹாலுக்கு அழியாத பேனாவால்.