ஒளிவாள் இல்லாத ஸ்டார் வார்ஸ்

காரைக்குடி வீட்டு வளவில் உட்கார்ந்து ‘ஆண்டோர்’ தொடரை இரண்டாம் முறையாகப் பார்த்து முடித்தேன். 1977இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸ் விண்வெளிக் கதை வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒளிவாள் ஏந்தும் ஜெடாய் வீரர் ஒருவர்கூட இல்லை. தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் கதையை அலுவலகம், கூலி, பயம் என்று தரையில் இறக்கிவிட்டார்.

தரை என்றதும் தொடரில் வரும் அந்தச் சிறைதான் நினைவுக்கு வருகிறது. கைதிகள் வெறுங்காலோடு நின்று நாளெல்லாம் இயந்திர பாகம் பூட்டுகிறார்கள். மீறினால் தரையிலேயே மின்சாரம் பாயும். ஆத்தங்குடி டைல்ஸின் குளுமையில் இருந்த கால்களை நான் மேலே இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் அப்பத்தா, “அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு செருப்புக் குடுக்க மாட்டாகளா அப்பு?” என்று கேட்டார். பாதியில் வந்து உட்கார்ந்தவர், கதை தெரியாது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு அண்ணனையும் உட்கார வைக்கப் போகிறேன்.