கூட்டில் கூடுதலாக ஒரு வாய்

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பறவைக் கூடு பார்க்கிற வேலைக்குப் போனபோது முதலில் பிடிபட்டது, தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிட்டு அவற்றையே வளர்க்க விடுகிற சுடலைக்குயிலைத் தேடி அலையக்கூடாது என்பதுதான். அதன் பின்னால் ஓடினால் கால் வலிதான் மிச்சம். தவிட்டுக்குருவிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறிக்கொண்டு திரிகிற குருவிகள் திடீரென்று ஒரே புதருக்குள் கத்திக்கொண்டு பாய்ந்தால், அங்கே பாம்போ பூனையோ, இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளையில் கொண்டை வைத்த அந்தக் குயிலோ இருக்கும். சில வேளை ஜோடியாகவே வரும். ஆண் குயில் குருவிகளைத் தன் பக்கம் இழுக்க, பெண் குயில் கூட்டின் விளிம்பில் நின்றபடியே முட்டையை உள்ளே போட்டுவிட்டுப் பறந்துவிடும். அப்படி விழுகிற முட்டை பட்டுக் குருவியின் முட்டை வெடிப்பதுண்டு. குயில் முட்டைக்கு ஓடு தடிப்பு.

நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, இரண்டுமே நீலம். கம்பின் நுனியில் கட்டிய சின்னக் கண்ணாடியைக் கூட்டுக்கு மேலே நீட்டி, எது கொஞ்சம் பருமன் என்று பார்ப்போம். அதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும். நாம் புதரடியில் நின்று மினக்கெட்டால் காகம் கவனித்துவிடும், அப்புறம் அந்தக் கூட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

குஞ்சு பொரித்த பிறகு சிரமமில்லை. முதலில் இளஞ்சிவப்பாக இருக்கிற குயில் குஞ்சின் தோல் இரண்டு நாளைக்குள் ஊதாப் பழுப்பாகிவிடும். வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு, ஓரத்தில் மஞ்சள்.

கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு இந்தக் கூடுகள் எங்கே இருக்கின்றன என்று எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அத எடுத்து வீசுங்க தம்பி, மத்ததுக பாவம்" என்றார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதேபோல் பிறர் கூட்டில் முட்டையிடுகிற இன்னொரு குயிலான அக்காக்குயிலின் குஞ்சாக இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அது பெரும்பாலும் கூட்டுக்காரரின் முட்டைகளை வெளியே தள்ளிவிடும். சுடலைக்குயில் குஞ்சு தள்ளுவதில்லை. தீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். தவிட்டுக்குருவிகளில் தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டும், அதனால் சொந்தக் குஞ்சும் சில வேளை தப்பிவிடும். எப்படியிருந்தாலும் பார்க்கப் போனவன் கையை வைத்தால், பிறகு எழுதுகிற குறிப்புக்கு என்ன மதிப்பு?

எங்களுக்குத் தந்த படிவத்தில் கூட்டின் முடிவுக்கு இரண்டே கட்டங்கள்: வெற்றி, தோல்வி. குயில் வளர்ந்தால் தோல்வி என்று போட வேண்டுமாம். ஒரு கூட்டிலிருந்து குயில் குஞ்சும் குருவிக் குஞ்சும் சேர்ந்தே வெளியே வந்து, பக்கத்துப் புதரில் இருந்துகொண்டு, வருகிற போகிற குருவிகளிடமெல்லாம் இரை கேட்டுக் கத்தின. நான் இரண்டு கட்டத்திலும் சரி போட்டுக் கொடுத்தேன். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கத்தில் நடந்ததை எழுதி, கட்டங்களைத் தொடாமல் அப்படியே மறுபடி அனுப்பினேன்.